சங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே

"சங்கு இருக்குது. சக்கரம் இருக்குது. நடுவுல இந்த உடுக்கை எதுக்கு சாமி?" என்று கேட்டார் நெசவாளர் தணிகாசலம்.

பாஷ்யம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மாதிரிக்காக நெய்த ஒரு முழத் துண்டு. அரக்குப் பட்டு. ஜரிகைக் கரையில் ஒவ்வொரு சங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே, இடுப்பு சிறுத்த உடுக்கை ஒன்று பளபளத்தது.

"நான் இதை வரையவே இல்லையே!"

"நீங்க குடுத்த கிராப்புல இருந்துது, நெஞ்சேன்." தணிகாசலம் கட்டம் போட்ட காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். அதிலும் இருந்தது.

பாஷ்யத்தின் மகள் கோதாவின் கல்யாணத்தில் சம்பந்தி பட்டம்மாளுக்கு வைத்துக்கொடுக்க வேண்டிய புடவை அது. பட்டம்மாள் லேசுப்பட்ட வைஷ்ணவி இல்லை. பஸ் பெரிய காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தால், சிவன் கோவில் கோபுரம் கண்ணில் பட்டுவிடாமலிருக்கக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வருபவள். நிச்சயதார்த்தத்தன்று, "உங்காத்துல யாரும் அந்தப் பக்கம் போறதில்லையே?" என்று கேட்டாள். நல்ல மாப்பிள்ளை கைநழுவிவிடக் கூடாதே என்று பாஷ்யமும், "அந்தக் கோவில் எந்தத் திசையில இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது மாமி" என்று அடித்துவிட்டார். ஊருக்குள் எங்கே நின்று பார்த்தாலும் தெரிகிற கோபுரம்!

கோதாவுக்கும் பிடித்து, ஜாதகமும் சேர்ந்தது இந்த ஒரு பையன்தான். சிவன் கையிலிருக்கிற உடுக்கையைப் போட்ட புடவையைத் தட்டில் வைத்து நீட்டினால், கல்யாணம் அதே தட்டில் திரும்பி வந்துவிடும்.

"எங்க சாமிக்கும் உங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வர ஆசை போல" என்று சிரித்தார் தணிகாசலம். "நாளைக்குள்ள வேற கிராப்பு குடுங்க. தறி காத்துக்கினு இருக்குது."

பாஷ்யம் ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார். புடவைக் கரைக்கு டிசைன் போடலாம் என்று அந்த மாதம்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் கண்ணை மூடி வரதராஜப் பெருமாளை நினைப்பது அவர் வழக்கம். பட்டனைத் தட்டுவார், கண்ணை மூடுவார். திறக்கும்போது கம்ப்யூட்டர் தயாராக இருக்கும். எல்லாம் பெருமாள் கிருபை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது, பதற்றத்தில் கண்ணை மூட மறந்துவிட்டார்.

திரையின் நடுவே, வெள்ளை வெளேரென்று, அதே உடுக்கை. அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. மவுஸை நகர்த்தினார். அதுவும் கூடவே நகர்ந்தது. கையை எடுத்தார். அதுவும் நின்று அவரைப் பார்த்தது.

"பூமா! ஓடி வா!"

மாவுக் கையோடு மனைவி பூமா ஓடிவந்தபோது அங்கே வெறும் அம்புக்குறி, பரம சாதுவாக.

"எங்கேன்னா?"

"இப்பத்தான்டி இருந்தது!"

டிசைனைப் பெரிதாக்கி இருவரும் தேடினார்கள். சங்கு, சக்கரம், நடுவே காலி இடம். நிம்மதியாக மூச்சு விட்டு, புதிதாக ஒரு பிரிண்ட் கொடுத்தார் பாஷ்யம்.

காகிதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஊர்ந்தது. சங்கு வந்தது. அப்புறம் உடுக்கை வந்தது, முன்னைவிடப் பெரிதாக.

பூமா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ஆத்துக்குள்ளேயே வந்துடுத்துன்னா!"

மானிட்டரின் நெற்றியில் பெரிதாகத் திருமண் இட்டார்கள். கோதா வைத்திருந்த சிடியிலிருந்து பெருமாள் படத்தை எடுத்துத் திரை முழுக்கப் போட்டார் பாஷ்யம். இனிமேல் எப்படி வரும் என்று பார்த்தார்கள். வந்தது. முன்பு தலையைக் காட்டிவிட்டுப் போனது, இப்போது பெருமாளின் திருமார்பிலேயே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

எதிர்வீட்டு ஸுதர்சன் ஜன்னல் வழியாகவே தீர்ப்புச் சொன்னார். "வைரஸ் ஸ்வாமி! என்கிட்ட மருந்து சிடி இருக்கு, போட்டுப் பாருங்கோ."

போட்டார்கள். அன்று மாலை பூமா கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஆடை கட்டிய பிறகும் உடுக்கை அகலவில்லை.

"மந்திரத்தாலதான் இது போகும்" என்று பூமா ஸ்தோத்திர சிடியை அதே கம்ப்யூட்டரில் போட்டாள். பாட்டு திக்கியது. "நம... நம... நம..." என்று நின்றுவிட்டது. அடுத்து எந்தச் சாமி பெயர் வரப்போகிறதோ என்று பூமா காதைப் பொத்திக்கொண்டாள். அப்போது எடுத்த பிரிண்டில் இரண்டு உடுக்கைகள் இருந்தன.

"மாமிகிட்ட பொய் சொன்னேளே, அதான்" என்றாள் பூமா, அழாத குறையாக.

பாஷ்யத்துக்கும் அதேதான் தோன்றியது.

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் விற்ற கடையிலிருந்து ஷாரோன் என்ற பெண் வந்தாள். திருமண் இட்ட மானிட்டரை ஒரு தடவை பார்த்தாள். மெஷினைப் போட்டாள். உடுக்கை வந்ததும் பாஷ்யம் விரலை நீட்டினார். ஷாரோன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சார், இது உடுக்கை இல்ல. மணல் கடிகாரம். நான் வேலையா இருக்கிறேன், கொஞ்சம் வெயிட் பண்ணுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"இத்தனை நாள் வரலையே?"

"தெனம் வந்துக்கினுதான் இருந்திருக்கும். நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

"கண்ணை மூடிண்டிருந்தேன்" என்றார் பாஷ்யம், தலையைக் குனிந்துகொண்டு.

"இவ்ளோ பெரிய படம், வைரஸ் மருந்து, மேல பாட்டு வேற. சுமை ஏத்த ஏத்த மெஷின் திணறுது, கடிகாரம் நின்னுக்கினே இருக்குது." ஷாரோன் ஒவ்வொன்றாக நீக்கினாள். உடுக்கை சட்டென்று வந்து சட்டென்று போயிற்று.

பாஷ்யத்துக்கு உயிர் வந்தது. பூமா டபராவில் டிகாக்‌ஷனைத் தாராளமாகவே விட்டுக் காபி கலந்து வந்தாள். கிராப் வாங்க வந்த தணிகாசலத்துக்கும் ஒரு டம்ளர்.

"அப்போ எங்க சாமி இல்லியா?" தணிகாசலத்தின் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

"வெறும் கடிகாரம்ப்பா! இனிமே பட்டம்மாள் மாமிக்குப் பயப்படவே வேண்டாம்." பாஷ்யம் வாய்விட்டுச் சிரித்தபடி பட்டுத் துண்டையும் பிரிண்ட் எடுத்த காகிதங்களையும் ஷாரோனிடம் நீட்டினார். "பாரும்மா, உன் கடிகாரம் பேப்பர்ல விழுந்து, இவர் அதை ஜரிகையில நெஞ்சே கொண்டுவந்துட்டார்!"

ஷாரோன் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். காகிதத்தைப் பார்த்தாள். பிரிண்டரைப் பார்த்தாள். காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சார், அந்தக் கடிகாரம் ஸ்க்ரீன்ல மட்டுந்தான் தெரியும், எந்தக் கம்ப்யூட்டர்லயும் அது பேப்பர்ல விழாது."