புல்தரை வைத்தியர்

வைத்தியர்களில் பல வகை உண்டு. அவர்களில் மிக ஆபத்தானவர், தன் வீட்டுப் புல்தரைக்குத் தானே வைத்தியம் பார்ப்பவர். விடுமுறை நாளில் அரைக்கால் சட்டையும் அலுவலகக் காலுறையுமாக, இடுப்பில் கைவைத்து, மண்ணை முறைத்துக்கொண்டு நிற்பாரே, அவரேதான்.

நமக்குத் தெரிந்த வைத்தியர் வீட்டில் நான்கு ஸ்பிரிங்க்ளர்கள். நேரமானால் மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்டி, சுழன்று சுழன்று நீர் இறைத்துவிட்டு, சமர்த்தாக உள்ளே போய்விடும். ஒருநாள் வேலியோரத்துத் தலை மட்டும் எழவில்லை. அந்த மூலையில் புல் பழுத்தது. மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு எட்டுக் குடும்பங்களை அந்தப் புல்தரைக்கே அழைத்திருந்த மனைவி, பழுத்த மூலையையும் நாட்காட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏங்க, மெக்கானிக்கக் கூப்பிடட்டுமா? சனிக்கிழமை எல்லாரும் வந்துடுவாங்க.”

“அவன் வந்து என்ன கிழிக்கப் போறான்? நான் பாத்துக்கறேன்.”

தலையைத் திருகி எடுத்து, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதனாலேயே வைத்தியர் அதைச் செய்யமாட்டார். காய்ச்சல் என்றால் விஷக்காய்ச்சலாக இருந்தால்தானே அவருக்குக் கௌரவம்? பூமிக்கடியில் குழாய் வெடித்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, திங்களன்று தரையில் காதை வைத்துக் கேட்டார். செவ்வாயன்று நீரழுத்தம் சோதிப்பதற்காக வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவிட, மாமியார் முகமெல்லாம் சோப்புடன் முக்கால் மணி நேரம் குளியலறையில் தவம் இருந்தார். புதனன்று வீடியோ பார்த்தார். வியாழனன்று மண்வெட்டி வாங்கினார்.

வெள்ளி மாலைக்குள் மூன்று பள்ளம். குழாய்களைக் கழற்றினார், பார்த்தார், பூட்டினார். வெடிப்பு எங்கும் இல்லை. ஆனால் விசையைப் போட்டபோது நான்கு தலைகளுமே எழவில்லை. முன்பு ஒன்றுக்குத்தான் நோய்; இப்போது குடும்பத்துக்கே.

மனைவி போனை எடுத்தார்.

சனிக்கிழமை காலை வந்த மெக்கானிக், முதல் தலையைத் திருகி, விரல் நீளச் சல்லடையை உருவி, ஒரு வாளித் தண்ணீரில் அலசி மாட்டினார். நீர் எழுந்தது. அடுத்த மூன்றுக்கும் அதே வைத்தியம்.

“ஒண்ணுல பழைய தூசி சார். மத்ததெல்லாம் புது மண்ணு. யாரு சார் இப்படித் தோண்டினது?”

“முன்னாடி வந்த மெக்கானிக்,” என்றார் வைத்தியர், கண்ணிமைக்காமல்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைச் சரிசெய்ய எந்த வீடியோவும் இல்லை.

விருந்து கார் கொட்டகைக்கு இடம்பெயர்ந்தது. குழந்தைகள் மட்டும் பள்ளங்களில் இறங்கி, புதுச்சட்டையெல்லாம் சேறாக்கி, இப்படி ஒரு பிறந்தநாளைக் கண்டதே இல்லை என்றார்கள். நம்மவரோ கேக்கும் கையுமாக, “சல்லடைலதான் அடைப்புன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்” என்று விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் படிக்கும்போதே, “மடையன், முதல்ல வால்வையில்ல பாத்திருக்கணும்” என்று ஒரு கணம் தோன்றியிருந்தால், தயவுசெய்து மெக்கானிக்கின் எண்ணை இன்றே உங்கள் வீட்டில் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். ஏற்கெனவே அவர்களிடம் இருக்கலாம்.