சித்தப்பாவின் பாதி மீசை

ஒருவர் முகத்தை நான் கெடுத்திருக்கிறேன். அதுவும் ஜெபக் கூட்டத்தில், போதகர் ஐயா பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. சேலையூரில் எங்கள் வீட்டுக்குத் தபாலில் மாதம் ஓர் ஓவியப் பாடம் வரும். பென்சிலால் முதலில் முட்டைக்கு நிழல் போட்டேன், பிறகு டம்ளருக்கு, பிறகு மூக்குக்கு. மூக்கு வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ரோஸி சித்தியின் கணவர் மாரடைப்பில் போனார். கல்யாணப் போட்டோவைச் செல் அரித்திருந்தது. மிஞ்சியது ஆபீஸ் குரூப் போட்டோ ஒன்று. அதில் மூன்றாம் வரிசையில் மிளகளவு முகம். அவர் முகம் மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருப்பதாகச் சித்தி அம்மாவிடம் சொன்னாள். அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை. நான் வரைந்து தருகிறேன் என்றேன். (கண்ணுக்கான பாடம் இன்னும் தபாலில் வரவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.)

பூதக்கண்ணாடியும் கையுமாகப் பத்து நாள் உட்கார்ந்தேன். நிழல் போடப் போட முகம் எழுந்து வந்தது. சந்தோஷம் தாங்காமல் இருப்பதிலேயே கறுப்பான பென்சிலைத் தேய்த்துத் தள்ளினேன். மீசைக்கு மட்டும் அரைப் பென்சில். அவர் போன நாற்பதாம் நாள், ஜெபக் கூட்டத்தன்று காலையில்தான் முடிந்தது. குரோம்பேட்டை கடைக்காரர் கண்ணாடி போட இரண்டு நாள் கேட்டார். வெறும் சட்டத்தில் செருகி மேஜையில் சாத்திவைத்தேன்.

சித்தி வெகுநேரம் பார்த்தாள். பிறகு படத்தை எடுத்துக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எல்லோரும் அழுதோம். என் கண்ணீரில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவள் நிமிர்ந்தபோது படத்தில் பாதி மீசையைக் காணோம். அது சித்தியின் கன்னத்தில் இருந்தது. (பென்சில் தூள் ஒட்டாமல் படத்தைக் காப்பது கடைசிப் பாடமாம்.) போதகர் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா முந்தானையை நீட்டினாள். சித்தி கன்னத்தைத் தொட்டு, கறுத்த விரலைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா. சர்ச்சுக்குப் போறப்ப பத்தடி முன்னாடியே நடப்பாரு. இன்னிக்குத்தான் எல்லார் முன்னாடியும் ஒட்டிக்கிட்டாரு."

சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

வேறு வரைந்து தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன், கேட்கவில்லை. அந்தப் பாதி மீசைக்கே கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். இன்றைக்கும் எங்கள் குடும்பக் கல்யாணங்களில், போட்டோவுக்குத் தள்ளி நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்து யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கண்ணாடி போடறதுக்குள்ள ஒட்டிக்கோப்பா."