கடலில் விழுந்த காலனி

அந்தக் காலனியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். ஆனாலும் வீட்டுக்கு வீடு வாசலில் நங்கூரம் தொங்கியது. சொந்த வீட்டுக்குப் பெரிய நங்கூரம், வாடகை வீட்டுக்குச் சாவிக்கொத்து அளவில் ஒன்று. தையல்காரர் குடும்பம் காற்றடைத்த மிதவையை இடுப்பில் மாட்டிக்கொண்டு தூங்கியது. மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார், ஆமாம், கணக்கு வாத்தியார்தான், கட்டிலுக்கடியில் துடுப்பு வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்றாராம்.

எல்லாம் செயற்கைக்கோள் சித்தரின் அருள். முன்பு வீடு வீடாகப் போய் டிஷ் ஆன்டெனா மாட்டியவர். ஒருநாள் மொட்டை மாடியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது விண்வெளி அவரைக் கூப்பிட்டதாம். விண்வெளிக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை போலும். இப்போது வாடகை மண்டபத்தில் அமர்ந்து அருள்கிறார். வெள்ளி நிறச் சட்டை, தலைக்கு மேல் ஆன்டெனா, காதில் ஹெட்போன். பின்னால் சுவரளவுக்குத் திரை, அதில் பூமி உருண்டை.

முறை ரொம்ப எளிது. முகவரியை உதவியாளர் காதில் சொல்ல வேண்டும். சித்தருக்கு அது தேவையில்லை, அவர் காதில் விண்வெளி பேசிக்கொண்டிருக்கும். உதவியாளர் கணினியில் தட்டுவார். உருண்டை சுழலும், இசை அதிரும், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சிவப்புப் புள்ளி பாய்ந்து வந்து நடுக்கடலில் விழும்.

"உங்க வீட்டோட உடம்புதான் இங்க இருக்கு. உயிர் கடல்ல கிடக்கு" என்பார் சித்தர், கண்ணை மூடியபடி. "அதான் வீட்டுல எதுவும் நிலைக்க மாட்டேங்குது."

யார் வீட்டில்தான் எல்லாம் நிலைக்கிறது? கூட்டம் அழும். அழுது முடித்ததும் மண்டபத்தின் பின்பக்கம் போய் நங்கூரம் வாங்கும். அது சித்தரின் மைத்துனர் கடை. எல்லார் வீடும் ஒரே புள்ளியில் விழுகிறதே என்று கணக்கு வாத்தியார் மட்டும் ஒருமுறை கேட்டார். "ஒரே காலனிக்காரங்க ஒண்ணாத்தானே விழுவாங்க" என்றார் சித்தர். வாத்தியாருக்கு அது நியாயமாகப் பட்டது.

அந்த வரிசையில் ஒரு பேருந்து ஓட்டுநரும் போய் நின்றார். தீராத முதுகுவலி. கூடவே மகளும் வந்தாள். அவள் கல்லூரியில் படிப்பது புவியியல் தகவல் அறிவியல், அதாவது பூமியில் எது எங்கே இருக்கிறது என்பதைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கும் படிப்பு. அவர்கள் வீடும் கடலில் விழுந்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"ஐயா, அந்தப் புள்ளியோட அட்சரேகை, தீர்க்கரேகை என்ன?"

சித்தர் ஹெட்போனை விலக்கி ஒரு கண்ணைத் திறந்தார். "பொண்ணு என்ன படிக்குது?"

"மேப் படிக்குதுங்க" என்றார் ஓட்டுநர் பெருமையாக.

"அதான் விஷயம். பூமியைக் கூறு போட்டு அளந்தா அது சும்மா இருக்குமா? உங்களுக்கு நங்கூரம் பத்தாது. திங்கட்கிழமையோட படிப்பை நிறுத்துங்க. இல்லன்னா வீடு அப்படியே உள்ள போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் மகளின் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினார். அவருக்கும் மனசே இல்லை.

"உன்னைச் சேர்க்க நான் எத்தனை டபுள் டூட்டி பாத்தேன்னு உனக்கே தெரியும். எனக்கு மட்டும் ஆசையாம்மா?"

"அப்பா, நம்ம வீடு எங்க இருக்கு?"

"கடல்ல."

"நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

"நம்ம வீட்டுல."

"அப்ப?"

"அதாம்மா பயமா இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுகைதான் ஜெயித்தது. இந்தப் படிப்புக்காக அவள் வேறு நல்ல படிப்புகளையெல்லாம் வேண்டாமென்று சொன்னவள்.

ஆனால் அந்தக் கடல் அவளுக்குப் பழக்கமான கடல். முதல் வருடம் ஆய்வகத்தில் நகரத்து மருத்துவமனைகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னபோது வகுப்பே சேர்ந்து முகவரியைத் தப்பாக ஏற்றிப் பாதி மருத்துவமனைகளை அங்கேதான் தள்ளியது. "நோயாளிகளுக்கெல்லாம் நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார் பேராசிரியை.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை என்கூட மண்டபத்துக்கு வாங்கப்பா" என்றாள் மகள். "இல்லாத வீடு ஒண்ணைச் சொல்லுவேன். அதுவும் அதே கடல்ல விழும். விழலன்னா நானே பெட்டியைக் கட்டிப் பரண்ல போட்டுடறேன்."

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. அவள் உதவியாளரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தட்டினார். எதைச் சொன்னாலும் தட்டுவார், அவருக்குச் சம்பளமே அதற்குத்தான். உருண்டை சுழன்றது. புள்ளி கடலில் விழுந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"இந்த வீட்டுல ரொம்ப நாளா வளர்ச்சியே இல்ல" என்றார் சித்தர், கண் மூடி.

"சார், திரையில கீழ பொடி எழுத்துல முகவரி இருக்கு. கொஞ்சம் படிங்களேன்" என்றாள் அவள், கணக்கு வாத்தியாரிடம்.

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "எங்க சித்தப்பா வழுக்கைத் தலை, இடது காது எதிர்ல, மூணாவது மாடி."

கூட்டம் திரையையும் சித்தரையும் மாறி மாறிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும், "அந்தத் தலைக்கு எந்த சைஸ் நங்கூரம் வாங்கணுங்க?" என்று கவலையாகக் கேட்டார். பக்தி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

"எந்த சைஸும் வேணாங்க" என்றாள் அவள். "நம்ம காலனியில தெருவுக்குப் பேர் கிடையாது, கதவுக்கு நம்பர் கிடையாது. தண்ணித் தொட்டி எதிர் சந்து, பச்சை கேட்டுன்னுதான் சொல்றோம். கம்ப்யூட்டருக்குப் பச்சை கேட் தெரியுமா? புரியாத முகவரின்னா இந்த சாஃப்ட்வேர் ரெண்டு ரேகையையும் பூஜ்ஜியம்னு வச்சுக்குது. பூஜ்ஜியமும் பூஜ்ஜியமும் சேர்ற இடம் நடுக்கடல்ல இருக்கு. அவ்வளவுதான்."

பிறகு தன் கைபேசியில் குறித்து வந்திருந்த வீட்டின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சொன்னாள். உதவியாளர் சித்தரைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் ஆஜானுபாகு. உடனே தட்டினார்.

புள்ளி கடலை விட்டுக் கிளம்பியது. மலைகளைத் தாண்டிக் காலனிக்குள் இறங்கி ஒரு மொட்டை மாடியில் நின்றது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடிமேல் ஒரு பழைய பஸ் டயர்.

"அது நம்ம டயரு" என்றார் ஓட்டுநர். திரையை விரலால் காட்டினார். "காத்துக்கு மூடி பறக்குதுன்னு நான்தான் வச்சேன்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டைக் காட்டு, எங்கள் வீட்டைக் காட்டு என்று கூட்டம் அவளை மொய்த்தது. சித்தர் பின்வாசல் வழியாக நழுவினார். அங்கே குவித்திருந்த சரக்கில் வெள்ளிச் சட்டை வசமாக மாட்டிக்கொண்டது. அந்த நங்கூரங்கள் பிடித்து நிறுத்திய முதல் பொருள் அவர்தான்.

திரும்பி நடக்கும்போது ஓட்டுநர் தெருமுனையில் நின்று தங்கள் மாடி டயரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, தினமும் டூட்டி முடிஞ்சு அந்த வீட்டுக்குத்தானே வர்றேன். அது எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியுமே. அப்புறம் எதுக்கு அந்த ஆள்கிட்டப் போய்க் கேட்டேன்?"

"அதை நீங்கதான்பா யோசிக்கணும்."

"யோசிக்கிறேன். நீ முதல்ல பெட்டியைப் பிரிச்சுப் புத்தகத்தை எடுத்து வை. நாளைக்குக் காலேஜுக்கு நானே கொண்டு போய் விடறேன்."

ஓட்டுநர் யோசிக்கத் தொடங்கிவிட்டார். நீங்கள்? தனக்குத் தெரியாததைப் பூஜ்ஜியம் என்று ஒப்புக்கொள்ளும் யோக்கியதை ஒரு கணினிக்கு இருக்கிறது. அந்தப் பூஜ்ஜியத்தைக் காட்டி உங்கள் பிள்ளையின் படிப்பைக் கேட்கிறவனிடம் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மூளை தேய்ந்துபோகாது.