நல்ல நேரமும் நிற்காத முள்ளும்

அரிசி ஆலை,
சுபன்புரி.

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் புட்சபா அவர்களுக்கு, ஆலைக்கார விச்சியன் கைகூப்பி எழுதுவது. தங்கள் மூட்டுவலி தணிந்து, மாடித் தொட்டியில் மல்லிகை பூத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்; பொய்யில் ஆரம்பிக்க மனம் வரவில்லை. தங்களைச் சம்பந்தியம்மாள் என்று கூப்பிட எனக்கு இன்னும் உரிமை உண்டா என்பதே என் மகளுக்கு நிச்சயித்த தங்கள் மகன் டோன் கையில் இருக்கிறது.

பெட்டியோடு பாங்காக் வந்து இறங்கியவர் காரணம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். நல்ல வளர்ப்பு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உமியை எரித்து மின்சாரம் எடுத்து ஊர்க் கம்பிக்கு விற்கும் ஆசை என்னுடையது, அதற்கு இயந்திரம் நிறுவித் தந்தது டோன். நம் ஜெனரேட்டரை ஊர்க் கம்பியோடு சேர்ப்பது, ஓடுகிற லாரியிலிருந்து பக்கத்தில் ஓடுகிற லாரிக்கு மூட்டை மாற்றுகிற மாதிரி. இரண்டும் ஒரே வேகத்தில் ஒட்டி வரவேண்டும். அதைக் காட்ட ஒரு வட்ட முகப்பு, அதில் சுற்றும் முள். முள் மெதுவாக உச்சிக்கு வரும்போது பொத்தானை அமுக்க வேண்டும். "அது வர்றப்பதான் வரும் மாமா, நாமதான் காத்திருக்கணும்" என்றார். தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை, ஏனென்றால் தொடக்க விழாவுக்குப் பெரிய பிக்கு குறித்துக் கொடுத்த நல்ல நேரம் காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடம்.

தப்பான நேரத்தில் அமுக்கினால் தடுக்க ஒரு காவல் கருவியும் உண்டு. முந்தின நாள் ஒத்திகையில் அது என் கையை மதிக்கவே இல்லை. என் ஆலையில் என்னைத் தடுக்க இது யார் என்று, விழாவன்று டோன் பிக்குகளுக்குச் சோறு பரிமாறப் போன சமயம், அதன் சாவியைத் திருப்பி வாயடைத்துவிட்டேன். பிறகு இயந்திரத்தைச் சுற்றி வெள்ளை நூல் கட்டி, பன்றித்தலை படைத்து, மந்திரம் ஓதி எல்லாம் அமர்க்களம். ஊர்த்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஆச்சு அண்ணே, போடு போடு!" என்று கத்துகிறார். டோன் ஓடி வருகிறார். "மாமா, இப்ப வேணாம்! முள்ளு கீழ இருக்கு, ஒரு சுத்து பொறுங்க!"

"நல்ல நேரம் ஒரு சுத்து பொறுக்குமாப்பா?" என்று அமுக்கிட்டேன்.

இடி விழுந்த சத்தம். தரை துள்ளியது. ஜெனரேட்டரைச் சுழற்றும் தண்டின் இணைப்பு முறிந்து, பன்றித்தலை உருண்டு போய்ப் பெரிய பிக்குவின் காலடியில் நின்றது. ஒலிபெருக்கி அணைந்தது, மின்விசிறி நின்றது, ஊர் முழுக்கக் கரண்ட் போய், முடிவெட்டும் கடையிலிருந்து ஒருத்தர் பாதித் தலையோட ஓடி வந்து, "என்னாச்சுய்யா?"ன்னு கேக்கறார். அந்தக் கூட்டத்துல நான் என்ன சொன்னேன் தெரியுமா சம்பந்தியம்மா? டோனைப் பாத்து, "இதுக்குத்தானா உன்னைப் படிக்க வெச்சாங்க?"ன்னேன்.

அவர் நான் திருப்பிய சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சத்தமில்லாமல் அதைப் பழைய இடத்துக்கே திருப்பினார். பிக்குகளைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பெரிய பிக்குதான், "விச்சியன், நான் நேரம் குறிச்சது மந்திரம் ஆரம்பிக்க. பொத்தானை அமுக்கவா சொன்னேன்?" என்றார். நெல்லை அள்ளினாலே ஈரம் சொல்கிற கை என்று பீற்றிக்கொள்வேன்; இப்போது அந்தக் கையைப் பார்க்கவே கூசுகிறது. மகள் ஃபா, "அவர் வர்ற வரைக்கும் இந்த வீட்ல எனக்கு அப்பா இல்ல" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். கல்யாணம் நின்றால் அதை நிறுத்தியது என் விரல்தான்.

டோனைத் திருப்பி அனுப்புங்கள். அதே ஊர்த்தலைவர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். காவல் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன், இனி அது அவரிடமே இருக்கட்டும். இனிமேல் முள் சொல்வதுதான் எனக்கு நேரம்.

புத்தர் அருளால் தங்கள் வீட்டில் விளக்கு மங்காமல் எரியட்டும்.

தலை குனிந்து,
விச்சியன்

பி.கு.: முறிந்த தண்டுக்குப் புது இணைப்பு வந்துவிட்டது. பெரிய பிக்கு வேண்டாம் வேண்டாம் என்றும் விடாமல் கேட்டு, வியாழக்கிழமை ஒன்பது ஒன்பது என்று வாங்கிவிட்டேன். இனி மாற்ற முடியாது. முள்ளைக் கொஞ்சம் சீக்கிரமே கிளப்பி விடும்படி டோனிடம் சொல்லுங்கள்.