கோர்ட்டில் சிக்கிய ஒட்டியாணம்

பெரிய இடத்துக்குப் போனால் நன்றாக உடுத்திக்கொண்டு போகவேண்டும் என்பது எங்கள் மாரிகுப்பத்து வழக்கம். (வீட்டில் கஞ்சி குடிப்பது வீட்டோடு.) அந்த வழக்கத்தைக் கோலார் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோனவள் நான்தான்.

என் தம்பி கோபியும் சாந்தியும் விவாகரத்து வாங்கி வெகுநாள் ஆயிற்று. மகள் சுகன்யா அம்மாவோடு இருந்தாள். மாதாமாதம் அவளுக்குப் பணம் கொடுத்துவந்த தம்பி, பதினெட்டு வயது முடிந்ததும் நிறுத்திவிட்டான். அவளுக்கோ அப்போதுதான் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. பீஸ் கட்டாவிட்டால் இடம் போய்விடும். எனக்குப் படிப்பு எழுத்துக் கூட்டுகிற அளவுதான். அதனால் அவள் படித்தே ஆகவேண்டும் என்று, சாந்தி கோர்ட்டில் கேஸ் போட்டபோது அவள் பக்கம் நின்றேன். (தம்பியை வளர்த்தவள் நான். அவன் கஞ்சத்தனம் எனக்குத் தெரியாதா?)

சமரசம் பேசக் கூப்பிட்ட அன்று சுகன்யா சாயம்போன சுடிதாரில் என் வீட்டுக்கு வந்து நின்றாள். விடுவேனா? என் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டு, சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளெல்லாம் ஏறி இறங்கி இரவல் நகை வாங்கிப் பூட்டினேன். தலை நிறைய பூ.

"அத்தை, பீஸ் கேக்கப் போறோம். இது ஓவரா இல்ல?"

"சும்மா இருடி. பிச்சை கேக்க வந்தோம்னு நெனச்சுடப் போறாங்க."

பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்து, "மாப்பிள்ளை எங்கம்மா?" என்றாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

சமரசம் பேசும் மேடம் அறையில் தம்பி மகளைப் பார்த்தான். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் குடுக்கணும்னு போன தடவை சொன்னீங்களே மேடம்? ஆயிடுச்சு போலக்குது! பெத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லல!"

மேடம் என் பக்கம் திரும்பினார். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? இவ்ளோ நகை போட்டுக்குனு பீஸுக்கு இல்லேன்றீங்க?"

சாந்தி என் தொடையில் கிள்ளினாள். நான் எழுந்தேன்.

"கழுத்துல தாலி இருக்குதா பாருங்க! இந்த ஆரம் பக்கத்து வீட்டு மேரியோடது. கவரிங்கு. வளையலு ராபர்ட்சன்பேட்டை பேன்சி கடையிது. இன்னா தங்கம் இருக்குது இதுல? இந்த மூக்குத்திதான், அதுவும் என்னுது!"

சொல்லச் சொல்லக் கழற்றி மேடம் மேஜையில் குவித்தேன். ஒட்டியாணம் மட்டும் வரவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை டான்ஸ் ஆடப் போடுவது. சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜ் பாதியில் சிக்கினாற்போல் நின்றுவிட்டது. நான் இழுத்தேன், சாந்தி இழுத்தாள். பெண்ணுக்கு மூச்சு முட்டியது.

கடைசியில் தம்பி வந்தான். குனிந்து கொக்கியை நெம்பினான்.

"மூச்சை உள்ள இழு கண்ணு... இன்னும் கொஞ்சம்..."

பிரிந்துபோன பிறகு மகளோடு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். கொக்கி விட்டது. சுகன்யா, "தேங்க்ஸ்பா" என்றாள். அவன் நிமிராமலே, "படிப்பு முடியிற வரைக்கும் கட்டுறேன் மேடம். எங்க அக்கா கிட்டேர்ந்து மட்டும் இவளைக் காப்பாத்துங்க" என்றான்.

சுகன்யா இப்போது பெங்களூரில் நர்ஸ். அடுத்த மாதம் நிஜமாகவே கல்யாணம். ஆரம் கேட்கப் போனால் மேரி, "கல்யாணத்துக்கா, கோர்ட்டுக்கா?" என்கிறாள். நேற்று தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஒட்டியாணம் இரவல் வாங்காத. நானே வாங்கிட்டேன்."

"தங்கமாடா?"

"கவரிங்குதான். ஆனா கொக்கி நல்லா தொறக்குது."