எல்லாத்துக்கும் அஞ்சு

1. உளவியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான், போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோர் ஒன்றில் இருபத்தேழு பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்தேன்.
2. அவர்களுக்கு டீ வாங்கப் போனேன்.
3. திரும்பி வருவதற்குள் எல்லாத் தாள்களும் நிரம்பியிருந்தன.
4. பிரித்துக்கூடப் பார்க்காமல் கல்லூரியில் கொடுத்தேன்.

நான்காவதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

சொந்தமாக ஓர் ஆய்வு செய்து காட்டினால்தான் நான்காம் ஆண்டு ஹானர்ஸ். இல்லையென்றால் மூன்றாண்டுப் பட்டத்தோடு சொந்த ஊரான ராசிங்காபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். வேலையும் மனநிலையும் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள் தயாரித்தேன். பதில், ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். கழுத்தில் அடையாள அட்டை தொங்க (அன்று எனக்கு விஞ்ஞானி என்று நினைப்பு) ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "என் படிப்பே உங்க கையிலதான் இருக்கு" என்று உருக்கமாக முடித்தது வினையாகிப்போனது.

மறுநாள், என் ஆய்வை மேற்பார்க்கும் மேடம் தாள்களை மேசையில் பரப்பினார். 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்': ஐந்து. 'நான் எப்போதும் சோர்வாக இருக்கிறேன்': ஐந்து. இருபத்தேழு பேரும், பன்னிரண்டு கேள்விக்கும், ஐந்து.

"இதுல யாரும்மா மனுஷங்க?" என்று மட்டும் கேட்டார். பத்து நாள் கெடு.

கோபமாக ஸ்டோருக்குப் போனேன். அங்கே மூத்தவரான பேச்சியக்கா சிரித்த முகமாக வரவேற்றார்.

"என்னத்தா, பாஸாயிட்டியா? எல்லாத்துக்கும் அஞ்சு போடச் சொன்னேன். ஒனக்கு ஒரு மார்க்குக் கொறஞ்சிரக் கூடாதுல்ல."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது ஒரு பெண், சின்னக் காய் ஒன்றைப் பெரிய காய்க் குவியலில் போட்டுவிட்டாள். பேச்சியக்கா முகம் மாறியது. பிழைக்க வந்த இடத்தில் இப்படிக் கண்மூடித்தனமாகவா பிரிப்பது என்று கால்மணி நேரம் அர்ச்சனை.

என் மூளை வேலை செய்த ஒரே தருணம் அது.

அடுத்த நாள் தாள் இல்லை. ஐந்து கிண்ணங்களில் சின்னது முதல் பெரியது வரை ஏலக்காய். ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். 'இல்லவே இல்லை' என்றால் ஆகச் சின்னக் காய், 'ரொம்ப' என்றால் ஆகப் பெரியது.

மகிழ்ச்சிக்குப் பேச்சியக்கா பெரிய காயை எடுத்தார். கை நின்றது. திரும்ப வைத்துவிட்டார்.

"தாள்ல கூசாம எழுதிட்டேன். காய மாத்திப் போட கை ஒப்ப மாட்டேங்குதுத்தா."

நடுத்தரக் காய் ஒன்றை எடுத்துத் தந்தார். சோர்வுக்கு ஆகப் பெரியது. "இதுக்கு மட்டும் அன்னைக்குப் போட்டதே சரிதான்" என்றார்.

இருபத்தேழு பேர், இருபத்தேழு விதமான பதில்கள். எழுதிக் கொடுத்த முடிவுகளை மேடம் இரண்டு முறை படித்தார். கேள்விகளைவிடக் கிண்ணங்கள் நன்றாக இருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கல்லூரிக் கருத்தரங்கில் அதே கிண்ணங்களோடு மேடையேறினேன். கைதட்டல் அடங்க நேரமானது. (எத்தனை நொடி என்று நான் எண்ணவில்லை, எண்ணியிருக்கலாம்.)

வீட்டில் நான் சாம்பார் வைக்கும் நாளெல்லாம் எப்படி என்று நான் கேட்பதற்கு முன்பே அப்பா "அஞ்சு" என்பார். நான் ஏலக்காய் டப்பாவைத் திறந்து நீட்டுவேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிளறிக் கிளறி, இருப்பதிலேயே பொடிக்காயாகத் தேடி எடுப்பார்.

ஹானர்ஸ் கிடைத்துவிட்டது. சாம்பார் இன்னும் வரவில்லை.