போகும் பாதியில் ஏறாதவன்

‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டு நான் செய்த காரியம் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இது எனக்கே தெரியாது. கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை, கழுத்தில் டை (மேலதிகாரி வரும் நாட்களில் மட்டும்), ஏற்கனவே ஒரு தடவை விமானத்தில் பறந்த பெருமை. குண்டசாலையில் எங்கள் அக்கம்பக்கத்தில் யாருக்கு வெளிநாட்டுப் பயணம் என்றாலும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை.

தங்கச்சி வசந்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூறைச்சேலை திருச்சியிலிருந்துதான் வர வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். அங்கே இருக்கும் பெரியம்மா தறிக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். போய் எடுத்துவரும் பொறுப்பு என் தலையில். சேலை கைக்கு வருவதே தாமதம் என்பதால், கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் திரும்புகிற மாதிரி, போக வர ஒரே டிக்கெட்டாக வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தேன்.

அம்மா டிக்கெட்டைப் பார்க்கவில்லை, கலண்டரைப் பார்த்தார்.

“அட்டமியில போயா தங்கச்சிக்குக் கூறச்சேல எடுக்கப் போற?”

“பிளேனுக்கு அட்டமி நவமியெல்லாம் கெடையாதும்மா.”

“அதுக்குக் கெடையாது. ஒந்தங்கச்சிக்கு இருக்கு.”

நாளை மாற்றியே ஆக வேண்டும். டிக்கெட் வாங்கிய கடைக்குப் போய் விவரம் சொல்லியிருந்தால் தேதியை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அது புத்தியுள்ளவன் செய்கிற வேலை. நான் வேறு கணக்குப் போட்டேன். அட்டமிக்கு முந்தின நாள் திருச்சிக்குப் போகும் இன்னொரு விமானத்தில் ஒருவழி டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. அதில் போய்விடுவது. பழைய டிக்கெட்டில் போகும் பாதியை அப்படியே விட்டுவிட்டு, வரும் பாதியில் வந்துவிடுவது. கண்டியிலிருந்து கொழும்புக்குக் கோச்சியில், அதாவது ரயிலில், ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிட்டு, சிநேகிதனின் வேனில் போய், வரும்போது கோச்சியில் ஜம்மென்று தூங்கிக்கொண்டு வந்தவன் நான். போகும்போது ஏன் ஏறவில்லை என்று எந்தக் கார்டும் என்னைக் கேட்டதில்லை. கோச்சிக்கு ஒரு நியாயம், பிளேனுக்கு ஒரு நியாயமா?

வசந்திக்கு மட்டும் சந்தேகம். “ஏண்ணே, எதுக்கும் கடையில ஒரு வார்த்த கேட்டுருங்களேன்.”

“காசு கட்டின ஸீட்டு. உக்காந்தா என்ன, உக்காராட்டி என்ன? அவங்களுக்கு எண்ணெய் மிச்சம்” என்றேன். (இந்த வசனத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் என் குரலிலேயே பேசிக் காட்டுகிறார்கள்.)

நல்ல நாளில் போனேன். பெரியம்மா வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அரக்கு நிறத்தில், அகலக் கரை வைத்த சேலையும் தைத்த ரவிக்கையுமாகத் திரும்பும் நாளில் திருச்சி விமான நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

“சார், ஒங்க டிக்கெட் கேன்சல் ஆயிருக்கு.”

“நான் கேன்சல் பண்ணலியே.”

“போற பிளைட்டுக்கு நீங்க வரல. வரலன்னா மிச்சமும் தானா கேன்சல் ஆயிடும் சார்.”

“வரலயா? இந்தா ஒங்க முன்னாலதானே நிக்கிறேன்.”

“எப்படி சார் வந்தீங்க?”

“வேற பிளேன்ல.”

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அட்டமி விஷயத்தை விளக்கினேன். அவளுக்கு நன்றாகவே புரிந்தது. கம்ப்யூட்டருக்குத்தான் புரியவில்லை. அன்றைக்கு எல்லா விமானமும் நிரம்பியிருந்தது, சென்னை வழியாகவும் இடமில்லை. மறுநாள் காலையில் முகூர்த்தம். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவர் போடும் மோதிரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்துவர வேண்டியவன் பெண்ணின் ஒரே அண்ணனான நான். அது போகட்டும், தாலி கட்டும்போது அவள் உடுத்த வேண்டிய சேலையே என் கையில்தான் இருக்கிறது. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

பின்னால் நின்ற ஒருவர் தோளைத் தொட்டார். கண்டிக்குப் பக்கத்தில் கலகெதரயில் துணிக்கடை வைத்திருக்கும் பாரூக் நானா. அதே விமானத்தில் ஊர் திரும்புகிறவர்.

“என்ன தம்பி, யாரும் மவுத்தாப் போய்ட்டாங்களா?”

“இல்ல நானா. கல்யாணம்.”

முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை (அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்). “சேலய நான் கொண்டு போய்க் குடுக்குறேன். ஆனா தொறந்து காட்டுங்க. உள்ளுக்கு என்ன ஈக்கிதுன்னு பாக்காம நான் தூக்க மாட்டேன்” என்றார்.

நியாயம்தானே. ஜனங்கள் நடமாடும் இடத்தில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிப்பு மடிப்பாக உதறினோம். ரவிக்கையின் கையைக்கூட உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தார். காவல்காரர் ஒருவர் ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் நடுவில் தொய்ந்த இடத்தைத் தாங்கிப் பிடித்தார். என் தங்கச்சியின் கூறைச்சேலையை மாப்பிள்ளைக்கு முன்பே அந்த வரிசை முழுவதும் பார்த்துவிட்டது.

வெளியே வந்து வீட்டுக்கு போன் பண்ணினேன்.

“சேல வருதும்மா.”

“நீ?”

“நான் வரல.”

அம்மா “சாப்பிட்டியா?” என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் முகூர்த்த நேரத்தில் பெரியம்மா வீட்டில் குளித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாமல் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

நானா தன் ஊரில் இறங்காமல் நேரே குண்டசாலைக்குப் போய், சேலையை அம்மாவின் கையிலேயே கொடுத்திருக்கிறார். குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வருவதாக வாக்கு வாங்காமல் அம்மா அவரை விடவில்லை. மாப்பிள்ளையின் காலைக் கழுவியது சித்தப்பா மகன். அந்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டு என் முன்னால் மட்டும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான்.

அம்மா இப்போதும் யார் படியிறங்கினாலும், கண்டி மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் போகிறவராக இருந்தாலும், “போற பாதியில ஏறிருவீங்கதானே?” என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

கல்யாண ஆல்பத்தில் ஒரு குடும்பப் படம் இருக்கிறது. அம்மா, அப்பா, சொந்தக்காரர்கள், ஓரத்தில் நானாவும் அவர் மனைவியும். வசந்திக்கு ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். நெருங்கி நிற்கச் சொல்லிப் படம் எடுக்கிறவர் கத்திப் பார்த்தாராம். யாரையும் அந்த இடத்துக்கு அவள் விடவில்லை.

ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் விரலை வைத்து, இங்கே யார் என்று கேட்பார்கள். வசந்தி என் குரலிலேயே பதில் சொல்லுவாள்.

“எங்கண்ணன். காசு கட்டின ஸீட்டு. உக்காந்தா என்ன, உக்காராட்டி என்ன?”